ஜிம் நோட்டைக் கணினியில் ஏற்றுமுன்

நம்மூர்ச் சின்ன ஜிம்களில் உறுப்பினர் கணக்கு இன்னும் நீள நோட்டில்தான் இருக்கிறது. உரிமையாளர் ஒருநாள், படிப்பை முடித்த தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு, “ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டுக் கொடு தம்பி” என்பார். இருநூறு பேர் முன்கூட்டியே கட்டிய காசுக்கும், நம்பிச் சொன்ன உடல்நிலைக்கும் இனி அதுதான் சாட்சி. இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற உரிமையில், தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. முதலில் வரவேற்பு மேசையில் போய் உட்காருங்கள். காலை ஆறு மணிக் கூட்டத்தையும் மாலைக் கூட்டத்தையும் பாருங்கள். “எனக்கு எப்போ முடியுது?”, “பாக்கி எவ்வளவு மாஸ்டர்?”, “பத்து நாள் ஊருக்குப் போயிருந்தேன், சேர்த்துக் கொடுப்பீங்களா?” என்று வருகிற கேள்விகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளருக்கும் கேள்விகள் உண்டு: இந்த வாரம் யாருக்கெல்லாம் முடிகிறது, மூன்று வாரமாக வராதவர் யார் யார். இந்தப் பட்டியல்தான் உங்கள் திட்டம். இதில் எந்தக் கேள்விக்கும் பதில் தராத கட்டம் உங்கள் படிவத்தில் இருக்க வேண்டாம்.

2. ஆள் வேறு, சந்தா வேறு, பணம் வேறு. நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்: “12.1 கார்த்திக், 3 மாதம், 4500, கொடுத்தது 3000, பாக்கி 1500.” இதை ஒரே வரிசையாகக் கணினியில் ஏற்றினால், அவர் ஏப்ரலில் புதுப்பிக்கும்போது பழையதை அழிக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு கார்த்திக்கை உண்டாக்க வேண்டும். மூன்றாகப் பிரியுங்கள். உறுப்பினர் அட்டவணையில் கார்த்திக் ஒரே ஒரு முறை. சந்தா அட்டவணையில் ஜனவரி 12 முதல் ஏப்ரல் 11 வரை, பேசிய தொகை 4500. வரவு அட்டவணையில் ஜனவரி 12 அன்று வந்த 3000. மூன்றையும் உறுப்பினர் எண்ணும் சந்தா எண்ணும் இணைக்கும். பாக்கி 1500-ஐ எங்கும் எழுதாதீர்கள். பேசியதிலிருந்து வந்ததைக் கழித்து அந்தந்த நேரத்தில் கணினியே சொல்லட்டும். எழுதி வைத்த பாக்கி, அடுத்த தவணை வந்ததும் பொய்யாகிவிடும். ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த அட்டவணை முறை வளர்ந்து நமக்குத் தந்த பாடம் இது: ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்.

3. பெயரை நம் வழக்கப்படி வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கும். நமக்கு இனிஷியல்தான். பெயருக்கு ஒரு கட்டம், இனிஷியலுக்கு ஒரு கட்டம் போதும். ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள், ஆகவே பெயரை வைத்து மட்டும் ஆளைத் தேடாதீர்கள். செல்பேசி எண்ணையும் அடையாளமாக்க வேண்டாம். கணவன் மனைவி ஒரே எண்ணைத் தருவார்கள், கல்லூரிப் பையன் அப்பாவின் எண்ணைத் தருவான், இன்னொருவர் எண்ணையே மாற்றிவிடுவார். ஆளுக்கு ஓர் உறுப்பினர் எண் கொடுங்கள். அவர் விலகினாலும் அதை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

4. தேதியைத் தேதியாகவே பதியுங்கள். 3/4 என்பது ஒரு கணினியில் ஏப்ரல் 3, இன்னொன்றில் மார்ச் 4. ஜனவரி 31-இல் சேர்ந்தவரின் ஒரு மாதம் எந்த நாளில் முடியும்? இதை உரிமையாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செல்பேசி எண்ணை எழுத்தாகப் பதியுங்கள். எண்ணாகப் பதிந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும்.

5. இடைநிறுத்தத்துக்கு முன்னமே இடம் விடுங்கள். தேர்வு எழுதும் மாணவர், காய்ச்சலில் படுத்தவர், அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் எல்லாரும் “பேக்கேஜை நிறுத்தி வையுங்கள்” என்று கேட்பார்கள். முடியும் தேதியைக் கையால் தள்ளிப்போட்டால், ஏன் தள்ளினோம் என்பது அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது. நிறுத்திய நாள், தொடங்கிய நாள், அனுமதித்தவர் மூன்றையும் தனி வரிசையாகப் பதியுங்கள்.

6. பணத்தின் மேல் அழித்து எழுதாதீர்கள். தவறான வரவு விழுந்தால் அதை ரத்து செய்யும் எதிர்ப்பதிவு போடுங்கள். ரொக்கமா, யூபிஐயா என்பதும், யூபிஐ என்றால் அதன் பரிவர்த்தனை எண்ணும் இருக்கட்டும். விலையையும் வரியையும் அந்தந்த ரசீதோடு சேர்த்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி விகிதத்தை ஒரே இடத்தில் மாற்றி எல்லா ரசீதையும் அதிலிருந்து கணக்கிடும் நிரல் என்றால், ஆகஸ்ட் மாத ரசீதும் அன்றோடு மாறிப்போயிருக்கும்.

7. தேவையில்லாததைக் கேட்காதீர்கள், கேட்டதைக் காப்பாற்றுங்கள். ஆதார் நகல் எதற்கு? சாதியும் வருமானமும் எதற்கு? மூட்டுவலி, ரத்த அழுத்தம், செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவை பயிற்சியாளருக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கே ஆபத்து. ஆனால் ஒரு பெண்ணின் செல்பேசி எண்ணும் வீட்டு முகவரியும் அவருக்குத் தேவையில்லை. மேசையில் இருப்பவருக்கு எண் வேண்டும், எடையும் இடுப்பளவும் வேண்டாம். ஆகவே யார் எதைப் பார்க்கலாம் என்பதைத் தாளிலேயே முடிவு செய்யுங்கள்; ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது; அவர்கள் விவரத்தைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிளஸ் டூ மாணவர்கள் சேரும் ஜிம்மில் பெற்றோர் ஒப்புதலுக்கு ஓர் இடம் கட்டாயம் இருக்க வேண்டும். விலகியவரின் உடல் அளவுகளையும் படங்களையும் எப்போது நீக்குவது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். வரவுக் கணக்கு மட்டும் கணக்குத் தேவைக்காக நிற்கட்டும். நம் வீட்டுப் பெண்ணின் விவரம் அந்த மேசையில் இருந்தால் எவ்வளவு கவனம் எதிர்பார்ப்போமோ, அவ்வளவு கவனம் எல்லாருக்கும் உரியது.

8. மென்பொருளைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். தாளில் வரைந்தது சரியாக இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளே இந்த அளவுக்குத் தாராளம். முழுத் தரவும் ஒரே கோப்பில் அடங்கும். தினமும் ஒரு நகல், அதுவும் ஜிம்முக்கு வெளியே, கடவுச்சொல் போட்டு. மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பாதீர்கள்.

9. ஒரு மாதம் நோட்டும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். ஒவ்வொரு இரவும் இரண்டின் வரவுத் தொகையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாத நாளில்தான் நீங்கள் கேட்க மறந்த விதி ஒன்று வெளியே வரும். பிறகு அட்டவணைகள் வரைந்த தாள், முதன்மைக் கடவுச்சொல், நகலை மீட்கும் முறை மூன்றையும் உரிமையாளர் கையில் கொடுங்கள். நாளை உங்களுக்கு வெளியூரில் வேலை கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். அன்றைக்கும் “எனக்கு எப்போ முடியுது?” என்று கேட்கும் உறுப்பினருக்கு, உங்களைத் தொலைபேசியில் தேடாமல் சரியான பதில் கிடைக்கிறது என்றால், வேலையை முழுதாக முடித்தீர்கள் என்று அர்த்தம்.