பெயர் கிடைத்தால் ஆள் கிடைத்ததாகாது

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். சென்னையில் வாழும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். 1790களில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸுக்குக் கப்பலேறிய ஒருவரிடமிருந்து வம்சம் தொடங்குகிறது. அவருக்குச் சொந்த ஊர் சாமர்செட் பக்கம் என்று பாட்டி சொல்லக் கேள்வி. அதே பெயரில் ஒரு ஞானஸ்நானப் பதிவை உட்கார்ந்த இடத்திலேயே இணையத்தில் பிடித்துவிட்டதாகவும் சொல்கிறாய். எனக்குக் கவலை தருவது அந்த வேகம்தான்.

ஜான், வில்லியம், தாமஸ் என்ற ஒரு கைப்பிடிப் பெயர்களுக்குள் அந்தக் கால இங்கிலாந்து ஆண்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் வழக்கம். ஆகவே ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் மூவர் ஒரே பெயரோடு திரிவது சர்வசாதாரணம். உனக்குக் கிடைத்திருப்பது அவர்களில் ஒருவரின் பெயர், அவ்வளவே. அவர்தான் இவர் என்று சொல்ல மற்ற இருவரையும் ஆதாரத்தோடு விலக்கிக் காட்ட வேண்டும். இந்தத் தொழில் முழுவதும் அந்த விலக்கும் வேலைதான்.

முதல் சோதனை சுலபமானது. ஞானஸ்நானம் கிடைத்தவுடன் அதே பங்கின், அதாவது அந்தக் கோயில் வட்டாரத்தின், அடக்கப் பதிவேட்டைத் திற. கைக்குழந்தை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள். நீ பிடித்த பிள்ளை இரண்டு வயதில் மண்ணுக்குப் போயிருந்தால் அது மெட்ராஸுக்குக் கப்பலேறியிருக்க முடியாது. இதைப் பார்க்காமல் வரைந்த வம்ச மரங்கள் இணையத்தில் ஏராளம்.

இரண்டாவது, யார் எதற்காக எழுதினார்கள் என்று கேள். 1538இல், எட்டாம் ஹென்றி ஆட்சியில், தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவிலிருந்துதான் இந்தப் பதிவேடுகள் பிறந்தன. அந்த வாரத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் எழுத வேண்டும்; கோயில் பொறுப்பாளர் உடனிருக்க வேண்டும்; புத்தகம் இரட்டைப் பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும்; தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். இது ஏதோ புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பின்னாளில் வரியும் வந்தது. 1783 அக்டோபர் முதல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரைத் தீர்வை. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. வரி அமலாகுமுன் நாலைந்து பிள்ளைகளை ஒரே நாளில் கூட்டிவந்து ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. 1794இல் வரி நீங்கும்வரை தள்ளிப்போட்டவர்களும் உண்டு. உன் ஆள் 1770களில் பிறந்தவராக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் 1783 செப்டம்பர் பக்கங்களை வரிவரியாகப் பார். பத்து வயதுப் பையன் அங்கே குழந்தைகளோடு வரிசையில் நிற்கலாம். ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிவிடாதே.

உன் கையில் இருப்பது மூலமா, நகலா என்றும் பார். ஷேக்ஸ்பியருக்கு 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் நடந்ததைச் சொல்லும் ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேடே நகல்தான். பழைய காகிதப் புத்தகங்களைத் தோல் ஏடுகளில் பெயர்த்தெழுத வேண்டும் என்று 1598இல் வந்த ஆணைப்படி பின்னால் எழுதப்பட்டது. அவருடைய திருமண விஷயத்தில் இன்னும் வேடிக்கை. வூஸ்டர் ஆயர் அலுவலகத்தில் ஒரு நாள் இடைவெளியில் எழுதிய இரண்டு பதிவுகளில் மணமகளின் குடும்பப் பெயர் இரண்டு விதமாக இருக்கிறது. குமாஸ்தாவின் கை வழுக்கியது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. நாடறிந்தவருக்கே இப்படியென்றால் கூலிக்காரனுக்கு எப்படி இருக்கும்? அதனால்தான் பதிவேட்டையும், ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பிய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன். ஒன்றில் மங்கியது இன்னொன்றில் தெளிவாக இருக்கும்.

தேதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1720 மே மாதம் திருமணம், 1720 பிப்ரவரியில் முதல் குழந்தை என்று கண்டால் திடுக்கிடாதே. அந்தக் கணக்கில் பிப்ரவரி, மே மாதத்துக்குப் பிறகு வருகிறது. நம் கணக்கில் அது 1721. ஒன்பது மாதம் கழித்து முறையாகப் பிறந்த பிள்ளையை, கல்யாணத்துக்கு முன் பிறந்ததாக எழுதி அந்தக் குடும்பத்துக்கு நீ அவப்பெயர் வாங்கித் தராதே.

திருமணப் பதிவுகள் 1754 மார்ச்சிலிருந்து உனக்குக் கூடுதலாக உதவும். ஹார்ட்விக் பிரபுவின் சட்டப்படி கோயிலில் கல்யாண ஓலை வாசித்தோ லைசென்ஸ் வாங்கியோ மணமுடிக்க வேண்டும்; மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்தோ கீறலோ இட வேண்டும். சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள், பெரும்பாலும் அண்ணனோ அக்காவோதான். ஆனால் ஒரே ஆள் பக்கத்துக்குப் பக்கம் சாட்சியாக வந்தால் அவர் உறவினரல்ல, கோயில் குமாஸ்தா. கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டு ஊரில் நடக்கும். ஆகவே மாப்பிள்ளையின் ஊரில் பதிவு இல்லையென்றால், நடந்து போகிற தூரத்திலுள்ள பங்குகளை வரைபடத்தில் வட்டமிட்டு ஒவ்வொன்றாகப் பார். குவேக்கர், பாப்டிஸ்ட் போன்ற சபையார் ஞானஸ்நானப் பக்கத்தில் அகப்படமாட்டார்கள். அவர்களின் ஏடுகள் தனி. பெரும்பகுதி இப்போது கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இதையெல்லாம்விட நான் நம்புவது ஏழைகளின் தாள்களை. பங்கு என்பது கோயில் எல்லை மட்டுமல்ல, கஞ்சி ஊற்றும் கடமையின் எல்லையும்கூட. 1662 குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகு, பிழைக்க வழியில்லாமல் ஒருவன் வந்து நின்றால் அவன் எந்தப் பங்கின் பொறுப்பு என்று மாஜிஸ்திரேட்டுகள் சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் இப்படிப் போகும்: வயது முப்பது இருக்கும், இன்ன ஊரில் பிறந்ததாக அப்பா சொல்லக் கேட்டது, ஒன்பது வயதில் பங்கு அதிகாரிகள் இன்ன விவசாயியிடம் தொழில் பழக விட்டார்கள், பிறகு இன்னாரிடம் ஆண்டுக் கூலிக்கு ஒரு முழு வருஷம் வேலை பார்த்தேன், இன்ன கோயிலில் கல்யாணம், பிள்ளைகள் மூவர், வயது ஏழு, நான்கு, ஆறு மாதம். கீழே ஒரு பெருக்கல் குறி. எழுத்தறியாத கூலியாளின் அரை ஆயுள் ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. மணமாகாதவன் ஒரு முழு வருஷம் ஓரிடத்தில் வேலை பார்த்தால் அங்கே உரிமை வந்துவிடும். அதைத் தவிர்க்கவே சில எசமானர்கள் ஐம்பத்தொரு வாரத்தில் கணக்கை முடித்து அனுப்பினார்கள். மணமாகாத கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குமுன் வண்டியேற்றி எல்லை தாண்டி விட்டதும் இதே கணக்குதான். பிள்ளை பிறந்த இடத்துக்கு அதன் செலவு சேரும்.

சாமர்செட்டில் இந்தத் தாள்கள் உனக்கு இரட்டிப்பாக வேண்டும். அந்த மாவட்டத்து உயில்களில் பெரும்பகுதி 1942இல் எக்ஸிட்டர் நகரக் குண்டுவீச்சில் எரிந்துபோயின. மிஞ்சிய பங்கு ஆவணங்களுக்கு டான்டனிலுள்ள ஆவணக் காப்பகத்தை அணுகு.

ஆனால் சாமர்செட்டுக்குப் போவதற்குமுன் ஒரு வேலை. தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் போ. மெட்ராஸில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களைக் கம்பெனி லண்டனுக்கு வரவழைத்தது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. பட்டாளப் பட்டியல்களும் அங்கேதான். உன் ஆளின் கல்யாணத்தையும் சாவையும் அங்கே உறுதிசெய். அடக்கப் பதிவில் வயது இருந்தால் பிறந்த ஆண்டு கிட்டத்தட்டக் கிடைக்கும். பட்டாளப் பட்டியலில் பிறந்த ஊர் இருந்தால் உன் வேலை பாதி குறையும். சாமர்செட் என்பது பாட்டியின் வாய்மொழிதான் என்பதையும் மறக்காதே.

முறைதவறிப் பிறந்த பிள்ளை என்ற குறிப்பு எங்காவது வந்தால் மூடி மறைக்காதே, ருசித்தும் எழுதாதே. ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுது. வாடிக்கையாளர் காசு கொடுப்பது உண்மைக்குத்தான்.

அறிக்கையில் ஒவ்வொரு உறவுக்கும் எதிரே உறுதி, அநேகமாக, ஆதாரமில்லை என்று மூன்றில் ஒன்றைக் குறி. எந்தப் பங்கில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் பட்டியலிடு, அதற்கும் கூலி கேள். வெறுங்கையோடு திரும்பிய தேடலும் வேலைதான். அடுத்து வருபவர் அதே சுவரில் முட்டிக்கொள்ளமாட்டார்.

அடுத்த கடிதத்தில் அவர் பெயரை நீ எனக்கு எழுத வேண்டாம். அதே பெயருள்ள மற்றவர்களை எப்படிக் கழித்தாய் என்று எழுது. படித்துவிட்டுச் சரியா தப்பா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்