செண்டாயான் தோட்டங்களுக்குப் புகைமூட்டக் கால ஆலோசனை

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறையும். சுமத்ராவின் ரியாவ், ஜம்பிப் பக்கத்துக் கரிமண் நிலங்களில் தீ பிடித்தால், அந்தப் புகை மலாக்கா நீரிணையைத் தாண்டி போர்ட்டிக்சன் கரைக்கு வந்து சேரும். அங்கிருந்து நம் செண்டாயானுக்கு எவ்வளவு தூரம்? கரிமண்ணில் மேல்தீ அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும் என்பதால், ஒரு மழை பெய்தது என்று நிம்மதி அடைய வேண்டாம். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். 2015, 2019 புகைமூட்டங்கள் இரண்டும் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

காலையில் கைப்பேசியை எடுத்ததும் சுற்றுச்சூழல் துறையின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை (ஐபியு) பாருங்கள். 50 வரை நல்லது, 100 வரை மிதமானது, அதற்கு மேல் ஆரோக்கியமற்றது, 200-ஐத் தாண்டினால் மிக மோசம், 300-க்கு மேல் அபாயம். சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் மூன்றையும் பாருங்கள். காற்று கடல் பக்கமிருந்து வரும் நாளில் போர்ட்டிக்சன் எண்தான் நமக்கு முன்கூட்டியே செய்தி சொல்லும். 100-ஐத் தாண்டினால் பள்ளித் திடலில் விளையாட்டு வேண்டாம்.

கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் வெளியே தெரியும் தொல்லைகள். நாம் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்கு. 2.5 மைக்ரானுக்கும் சிறிய இந்தத் துகள் நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து இரத்தத்தைப் பாதிக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு மட்டுமில்லை, இருதய நோயும் இனிப்புநீரும் உள்ளவர்களுக்கும் அதனால்தான் ஆபத்து. துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் கன்னத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகும். சிறு பிள்ளைகளின் முகத்துக்குப் பெரியவர்களின் அளவு பொருந்தாது, அவர்களை வீட்டுக்குள் வைத்திருப்பதே மேல்.

வீட்டுக்குள் என்றதும் ஒரு சங்கடம். புகைமூட்டத்துக்குப் பயந்து சன்னலைச் சாத்துகிறோம். பொழுது சாய்ந்ததும் சாமி மேடையில் ஊதுபத்தி, சாம்பிராணி. படுக்கும்போது கட்டிலடியில் கொசுவர்த்திச் சுருள். மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகளை வெளிவிடுகிறது என்றது. இரண்டு அறைகள் உள்ள லயத்து வீட்டில், சன்னல் மூடிய நிலையில், அந்தப் புகை எங்கே போகும்? தூங்குகிற பிள்ளையின் நெஞ்சுக்குத்தான். இந்த மாதங்களில் கொசுவலை கட்டுங்கள். விளக்கேற்றிக் கும்பிடுங்கள், சாம்பிராணியை வாசலில் காட்டுங்கள். மாமியார் மனம் கோணலாம். பேரப்பிள்ளைக்கு இழுப்பு வந்தால் அவர்தான் முதலில் துடிப்பார். வீட்டுக்குள் சிகரெட் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வெளியே குறியீடு இறங்கிய நேரம் பார்த்து சன்னலைத் திறந்து விடுங்கள், ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்றே இன்ஹேலரைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீல நிறத்தது இழுப்பு வந்தபின் அடிப்பது. கிளினிக்கில் தரும் இன்னொன்று, பெரும்பாலும் பழுப்பு நிறம், தினமும் அடித்தால்தான் வேலை செய்யும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பழுப்பை அலமாரியில் போட்டுவிட்டு நீலத்தை நம்பியிருப்பதே நம் ஊர் வழக்கம். தீரும் தேதியைப் பார்த்து, மருந்து குறைந்திருந்தால் புகை வருவதற்கு முன்பே வாங்கிவையுங்கள். நீலம் அடித்தும் மூச்சு அடங்கவில்லை, பேச்சு திணறுகிறது, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு அழுத்துகிறது என்றால் விடியும்வரை காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் பால் வெட்டுகிறவர்களும் வீட்டுக்குள் இருக்க முடியாது. மூச்சிரைக்க உழைக்கும் உடம்பு இன்னும் அதிகப் புகையை இழுக்கிறது. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பு 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளியுடையது. முகக்கவசம் கேட்பது சலுகை கேட்பதாகாது. குறியீடு ஏறிய நாளில் மருந்தடிப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி மண்டோரிடம் பேசுங்கள். பாராகுவாட் களைக்கொல்லியை அரசாங்கம் 2020-இல் தடை செய்துவிட்டது. கொட்டகையில் பழைய கேன் கிடந்தால் தொடாமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

ஆடித் திருவிழா இந்த மாதங்களில்தான் வருகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தினர், ஊர்வலத்துக்கு முதல்நாள் இரவும் அன்று காலையும் குறியீட்டைப் பார்த்து முடிவெடுக்கட்டும். 100-க்கு மேல் போனால் ஊர்வலத்தைச் சுருக்கி, பிள்ளைகளையும் வயதானவர்களையும் தீமிதிக் குழியருகில் நிறுத்தாதீர்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

குப்பை, காய்ந்த மட்டை, பழைய டயர் எதையும் கொளுத்தாதீர்கள். திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றம். யாரோ கொளுத்துவதைக் கண்டால் தீயணைப்புக்கு 999, சுற்றுச்சூழல் துறைக்கு 1-800-88-2727. பேசும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. பீல்டு நம்பரையும் எந்த மண்சாலை வழியாக வண்டி நுழையலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.