கதிருக்குத் துணை நிற்கும் மருந்து

மாணவர்களே, கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வெற்றிலை பாக்கு மெல்லும் பாட்டிமார்களைப் பார்த்திருப்பீர்கள். மலேசியாவில் இந்தியப் பெண்களிடையே வாய்ப் புற்றுநோய் அதிகம் காணப்படுவதற்கு இப்பழக்கம் ஒரு முக்கியக் காரணம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

நோய் முற்றியவர்களில் சிலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் ஏற்றுவார்கள். இரண்டும் ஏன்?

கதிர்வீச்சு, புற்று உயிரணுவின் டிஎன்ஏ இழையை உடைக்கிறது. ஆனால் உடைந்த இழையை ஒட்டிக்கொள்ளும் திறன் உயிரணுவுக்கு உண்டு. சிஸ்பிளாட்டினில் உள்ள பிளாட்டினம் டிஎன்ஏவோடு பிணைந்து, அந்தப் பழுதுபார்க்கும் வேலையைத் தடுக்கிறது. அதனால் அதே அளவு கதிர்வீச்சில் கூடுதலான புற்று உயிரணுக்கள் மடிகின்றன.

இம்மருந்தின் ஆற்றல் தற்செயலாகத் தெரியவந்தது. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் குழுவினர் பாக்டீரியாக்களின் ஊடே மின்சாரம் செலுத்தினர். அவை பிரிந்து பெருகாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமன்று; பிளாட்டின மின்முனைகளிலிருந்து உருவான சேர்மங்கள். 1978இல் சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இம்மருந்து நல்ல உயிரணுக்களையும் விட்டுவைக்காது. குமட்டல் வரும், சிறுநீரகமும் செவித்திறனும் பாதிக்கப்படலாம். அதனால்தான் இரத்தத்தைச் சோதித்து, அளவறிந்து கொடுக்கிறார்கள்.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் சிகிச்சையும் எளிது. பாட்டியின் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் உடனே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சிந்திக்க: மருந்தைக் கதிர்வீச்சு முடிந்து பல வாரங்கள் கழித்துக் கொடுத்தால் இதே பலன் கிடைக்குமா? ஏன்?