கதவுக்கு ஒரு கடதாசி வளையம்

கடந்த நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டு வாசற்கதவில் ஒரு கடதாசி வளையம் தொங்கியது. கடையில் வாங்கியதல்ல. சாதாரண தரத்தில் நான் பாவித்த கணிதக் கொப்பியிலிருந்து செய்தது. தங்கைமாரும் செய்து பார்க்கலாம் என்பதற்காக, நான் விட்ட பிழைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. "மலர்வளையம் செய்யப் போறன்" என்றதும் உம்மம்மா பதறிவிட்டார். "பெருநாளும் அதுவுமா, சாவு வீட்டுக்குக் கொண்டு போற சாமானையா புள்ள வாசல்ல கொளுவப் போறாய்?" அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. நம் நாட்டில் அந்தச் சொல் மரண வீட்டோடு ஒட்டிப் போய்விட்டது. நான் நினைத்ததோ நத்தார் காலத்தில் கிறிஸ்தவ வீட்டுக் கதவுகளில் தொங்கும் பச்சை வளையத்தை. அந்த வட்டத்தின் நடுவே பிறையும் நட்சத்திரமும் வைத்தால் பெருநாளுக்குப் பொருந்தும் என்று தோன்றியது. "கதவு வளையம்" என்று பெயரை மாற்றிய பிறகே உம்மம்மா சமாதானமானார்.

தேவையானவை குறைவு: பழைய கொப்பி, காட்போட் பெட்டி, கத்தரிக்கோல், நூல், கோதுமை மாப் பசை. ஒரு பங்கு மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு நீர் வரும்வரை சேர்த்து, பளபளப்பாகும்வரை சிறு தீயில் கிளற வேண்டும். புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

காட்போட்டில் 14 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு வட்டமும், அதே மையத்தில் 9 சென்ரிமீற்றர் ஆரையில் இன்னொரு வட்டமும் வரைந்து வளையமாக வெட்டினேன். அதன் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டு நித்திரைக்குப் போனேன். காலையில் பார்த்தால் வளையம் அப்பம் போல வளைந்து கிடந்தது. ஈரத்தில் விரியும் தாள் காயும்போது சுருங்கி மட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கத்துக்கும் அதே போல் தாள் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தேன். இரண்டு பக்க இழுவையும் சமமாகி மட்டை நிமிர்ந்தது.

அடுத்தது கூம்புகள். 10 சென்ரிமீற்றர் சதுரத் தாளின் ஒரு மூலையைக் கூராக வைத்துச் சுருட்டினால், ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் அகலமான வாயுள்ள கூம்பு கிடைக்கும். எத்தனை வேண்டும்? நான் பெரிய கெட்டிக்காரியாகக் கணக்குப் போட்டேன். ஆரை 14 என்றால் பரிதி 88. அதை 4ஆல் வகுக்க 22. இருபத்திரண்டையும் சுருட்டி, கூர்கள் வளையத்தின் உள்விளிம்பிலும் வாய்கள் வெளியேயும் இருக்கும்படி அடுக்கினால், பல் விழுந்த வாய் போல எங்கும் இடைவெளி!

பசை கையோடு உட்கார்ந்து யோசித்த பிறகே விளங்கியது. வாய்கள் மட்டையின் விளிம்பில் நிற்கவில்லை. உள்விளிம்பின் 9 உடன் கூம்பின் நீளம் 10ஐக் கூட்டினால், அவை 19 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வேறொரு வட்டத்தில் நிற்கின்றன. அதன் பரிதி ஏறத்தாழ 119. ஆகவே 30 கூம்புகள். எட்டுக் குறைவு.

கொப்பியில் தாள் மிச்சமில்லை. தங்கச்சிக்கு உதவும் என்று உம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த இரண்டாவது கணிதக் கொப்பியைக் கேட்க வேண்டியதாயிற்று. "கணக்குக் கொப்பியக் கிழிச்சுத்தான் கணக்குப் படிக்கிறியா மகள்?" என்றார். பின்பு தாமே பக்கங்களைப் புரட்டி, தங்கச்சிக்குத் தேவைப்படாத நான்கு தாள்களைத் தெரிந்து தந்தார். ஒரு தாளில் இரண்டு சதுரம் வரும்.

சிறிய கூம்புகளால் உள்ளே இன்னொரு வரிசை ஒட்டி, கூர்களை மறைத்து, நடுவில் பிறையையும் நட்சத்திரத்தையும் நூலில் தொங்கவிட்டேன். மழைச்சாரல் படாத கதவுக்குத்தான் இது சரிவரும்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்த வாப்பா வாசலில் நின்று வளையத்தை உற்றுப் பார்த்தார். உம்மா தந்த தாளில் சுருட்டிய ஒரு கூம்பின் வாயில், ஆசிரியையின் சிவப்பு மையில் "கவனம் போதாது" என்றிருந்தது. திருப்பி ஒட்டவா என்று கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றார்.