இசைக்கும் படத்துக்கும் ஒரே ஒலியமைப்பு

பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் ஒரே ஒலியமைப்பை வாங்க விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இவ்விரு பயன்களும் ஸ்பீக்கர்களிடம் வேண்டுவது ஒன்றல்ல என்பதாகும். ஸ்டீரியோ என்பது இடம், வலம் என்னும் இரண்டே தடங்களைக் கொண்டு, ஸ்பீக்கரே இல்லாத நடுவெளியிலிருந்து பாடகரின் குரல் எழுவதாகக் காதுக்குத் தோன்றச் செய்யும் முறை. ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இம்முறையிலேயே பாடல்களில் பெரும்பாலானவை இன்றும் வெளிவருகின்றன. திரைப்படத்தின் 5.1 முறையோ உரையாடலைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கும், மழை, சந்தை இரைச்சல் போன்ற சூழல் ஒலிகளைப் பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் பிரித்துத் தருகிறது. புள்ளிக்குப் பின்னுள்ள 1, வெடியோசை போன்ற அடியொலிக்கென ஒதுக்கிய தனித்தடத்தைக் குறிக்கும்.

ஒரே பெட்டியில் அடக்கி விற்கப்படும் ஹோம் தியேட்டர் தொகுப்புகள் இசையில் தோற்பது பெரும்பாலும் இந்த அடியொலியில்தான். கையடக்க ஸ்பீக்கர்களால் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வலுவாக ஒலிக்க முடியாமையால், அதற்குக் கீழுள்ளவை அனைத்தும் அடியொலிக்கான தனி ஸ்பீக்கராகிய சப்வூஃபரின் தலையில் விழுகின்றன. மிருதங்கத்தின் வலந்தலை எதிரிலும் தொப்பி அறையின் மூலையிலுமாகப் பிரிந்து ஒலிப்பதைக் கச்சேரி கேட்டுப் பழகிய காது பொறுக்காது. சப்வூஃபர் பொறுப்பேற்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால், ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது பெரும்பாலும் உணராது. அவ்வாறு வைக்க வேண்டுமானால் முன் ஸ்பீக்கர்கள் அந்த எல்லைவரை தாமே இறங்கக் கூடியவையாக இருக்க வேண்டும். ஆகவே பணத்தின் பெரும்பங்கு முன்னிரு ஸ்பீக்கர்களுக்கே உரியது. இருக்கையின் ஓரத்தில் அமர்பவருக்கு நடுக்குரல் அருகிலுள்ள ஸ்பீக்கரின் பக்கம் சரிந்துவிடும் என்பதால், குடும்பமாகப் படம் பார்க்கும் வீட்டில் அடுத்து வாங்கத்தக்கது நடு ஸ்பீக்கர். அது முன்னிரண்டின் தயாரிப்பு வரிசையையே சேர்ந்ததாக இல்லாவிட்டால், திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பேசும் பாத்திரத்தின் குரல் வழியிலேயே மாறும். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் கடைசியில் வந்தால் போதும்.

ஆம்ப்ளிஃபயரின் வாட் எண்ணிக்கையை அப்படியே நம்பலாகாது. பல தடங்களை இயக்கும் ஏ.வி. ரிசீவர்களின் விளம்பரத்தில் காணும் வாட் பெரும்பாலும் ஒன்றிரண்டு தடங்களை மட்டும் இயக்கி அளந்தது. எல்லாத் தடங்களும் ஒருங்கே இயங்கும்போது அது வெகுவாகக் குறையும். அதைவிடப் பயன்தருவது ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது குறித்த மின்னாற்றலுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்னும் அளவு. மூன்று டெசிபெல் குறைந்தால் இரட்டிப்பு ஆற்றல் தேவை என்பதால், 91 டெசிபெல் ஸ்பீக்கர் எழுப்பும் ஒலியளவை 85 டெசிபெல் ஸ்பீக்கரில் பெற நான்கு மடங்கு வாட் வேண்டும்; கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது.

அறையும் ஒரு கருவியே. 12 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலி முட்டித் திரும்பி வீங்குவதால், சப்வூஃபரை வெற்றிடம் கிடைத்த மூலையில் தள்ளிவிடுவது தவறு. அதைக் கேட்பவர் அமரும் இடத்திலேயே வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து, அடியொலி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டு அங்கே மாற்றிவைப்பது, வேடிக்கையாகத் தோன்றினாலும், பலன் தரும் முறை. குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவி, அடியொலியும் மெலிந்து கேட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு முனைகள் மாறி இணைக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

படத்தைவிடப் பாட்டையே மிகுதியாகக் கேட்பவருக்கு, தொலைக்காட்சியின் ஒலியை ஒரே கேபிளில் பெறும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வசதியுள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் நல்ல இரு ஸ்பீக்கர்களும் போதுமானவை. வாங்கச் செல்வோர் தமக்கு நன்கு பழகிய பாடல்களை உடன் கொண்டுசென்று, ஒப்பிடும் ஸ்பீக்கர்கள் அனைத்தையும் ஒரே ஒலியளவில் ஒலிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எதுவும் காதுக்குச் சிறந்ததாகவே படும்.