டிஃபரன்ஷியலில் ஒயில் ஒழுகினால்

வத்தேகமயிலிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கம் ஏறும் தோட்டப் பாதைகளில், சேற்றில் சிக்கும் ஜீப்பைக் காப்பாற்றுவது டிஃப் லொக். ஒரே அச்சின் இரண்டு சில்லையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு அது.

அந்தப் பெட்டியில் ஒயில் ஒழுகினால், சாரதித் தம்பிமாரே, எடுத்ததும் சீலைக் கழற்ற வேண்டாம். முதலில் அச்சின் மேலுள்ள காற்றுப்போக்கியைப் பார்ப்போம். அதில் சேறு அடைத்தால், உள்ளே சூடேறிய காற்று போக வழியில்லாமல் ஒயிலைச் சீல் வழியே தள்ளிவிடும். அதைத் துப்புரவாக்கி, கசிந்த இடத்தைத் துடைத்து, கொஞ்சதூரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் கசிந்தால் சீலை மாத்தத்தான் வேணும்.

சமதரையில் ஆறவிட்டு, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு மட்டத்துக்கு ஒயில் விடுங்கள். கூடினாலும் கசியும்.

சில்லின் உட்பக்கம் ஒயில் தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் லைனிங் ஒயிலில் ஊறினால் இறக்கத்தில் பிடிக்காது. துடைத்துப் போட்டாலும் சரிவராது, புதிதுதான் போடவேண்டும். பின்னால் இருப்பது நம்ம பிள்ளைகள் அல்லவா?