காது நன்றாகத்தான் இருக்கிறது

செவியின் சிறப்பை உணர்த்த வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதைத் தமிழ் டீச்சர் நடத்திய அன்று எங்கள் பெஞ்சில் இருப்பவள் ஒருத்தி, பாடம் முழுவதும் இடக் காதைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "ஏனம்மா, கேள்வி உனக்கு வேண்டாமா?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே கொல்லென்று சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு ஈடுகட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயரைப் போடுவதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம்.

அவளுக்குக் காது வலி என்று சொல்வதும் சரியில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடக் காதில் பஞ்சு வைத்து அடைத்தது போல் இருந்ததாம். இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை. சில நாள் அடைப்பு, சில நாள் குத்தல், சில நாள் தூரத்தில் குக்கர் விசில் அடிப்பது போன்ற ஓர் ஓசை. அவள் பாட்டி பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் காதில் விட்டார். அன்போடு செய்ததுதான், ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் உள்ளே இறங்கிப் பெருந்தொல்லை தரும் என்று பின்னர் மருத்துவர் எச்சரித்தார். நல்ல வேளை, அவளுக்கு ஓட்டை இல்லை. (ஹேர்பின்னால் காது குடையும் பழக்கம் எங்கள் வகுப்பில் பலருக்கு உண்டு. யார் யார் என்று எழுதவில்லை.)

முதல் மருத்துவர் குறும்பி என்று சொல்லிக் கழுவிவிட்டார். இரண்டாமவர் சொட்டு மருந்து எழுதித் தந்தார். மூன்றாமவர் காதுக்குள் விளக்குக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "காது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். இதைக் கேட்டால் மகிழ்ச்சி வர வேண்டும் அல்லவா? அவள் வெளியே வந்து, மருந்துக் கடை வாசலிலேயே அழுதாளாம். காது நன்றாக இருக்கிறது என்றால் தான் பொய் சொல்வதாக அல்லவா ஆகிறது! பரீட்சைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்று உறவினர் ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். பாடற்குழுவிலிருந்தும் தானாக விலகிக்கொண்டாள். தன் குரல் தனக்கே குடத்துக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கிறது என்றாள்.

இதையெல்லாம் அறிந்த அறிவியல் சிஸ்டர், "அழுவதை நிறுத்திவிட்டுப் படியுங்கள்" என்று எங்களைப் பரிசோதனைச் சாலைக்கு அழைத்துச் சென்றார்.

செவி மூன்று பகுதிகளை உடையது என்பது நாம் அறிந்ததே. வெளிச்செவியின் குழல் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளம். அதன் முடிவில் செவிப்பறை. அதற்கப்பால் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள். அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. உட்செவியில் ஒலியை உணரும் நத்தைக் கூடும், உடலின் சமநிலையைக் காக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் உள்ளன. நடுச்செவியைத் தொண்டையின் மேற்புறத்தோடு ஒரு குழல் இணைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேஷியன் குழல் எனப்படுகிறது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, செவிப்பறையின் இருபுறத்துக் காற்றழுத்தத்தையும் சமமாக்குகிறது. மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டப்' என்று திறப்பது இதனால்தான். சளி பிடித்து அக்குழல் வீங்கினால் அடைப்பு வரும்.

பின்பு சிஸ்டர் 512 என்று பொறித்த இசைக்கவையை எடுத்து, ரப்பர்த் துண்டில் தட்டி, அதன் காம்பை அவள் நெற்றியின் நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேட்கிறது?" "நடுவில், சிஸ்டர்." இது வேபர் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் சோதனை. வெளிச்செவியோ நடுச்செவியோ உண்மையில் அடைத்திருந்தால், வியப்பாக, அடைத்த பக்கமே ஓசை பெரிதாகக் கேட்கும். நீங்களே ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு 'ம்' என்று முனகிப் பாருங்கள். மூடிய காதில்தான் ஓசை அதிகம். உட்செவியோ நரம்போ பழுதாயிருந்தால் நல்ல காதின் பக்கம் ஒலிக்கும். இவளுக்கோ நடுவில் கேட்டது. அப்படியானால் அடைத்தது போன்ற உணர்வு உண்டு. ஆனால் அடைப்பு இல்லை. எங்களுக்குக் குழப்பம் கூடியது. "நான் மருத்துவர் அல்ல, இதைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் ஒரு நாற்பது பக்க நோட்டை அவளிடம் கொடுத்தார். தேதி, நேரம், தொல்லை எப்படி, அதற்கு முன் என்ன செய்தாள், என்ன சாப்பிட்டாள் என்று நாள்தோறும் எழுத வேண்டும். எழுதலாம், காரணம் மட்டும் கற்பிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஏன் இந்த நிபந்தனை என்பதற்குச் சிஸ்டர் ஒரு வரலாறு சொன்னார். ஆங்கிலத் துணைப்பாடத்தில் கல்லிவர் கதையை நாம் படித்திருக்கிறோம். 1726இல் அதை வெளியிட்ட ஜோனதன் ஸ்விஃப்ட், இளமை முதற்கொண்டே தலைசுற்றலாலும் காது மந்தத்தாலும் அவதிப்பட்டவர். தலைசுற்றலுக்குக் காரணம் ஒரு முறை அளவுக்கு மீறி ஆப்பிள் தின்றது என்றும், காது கேளாமைக்குக் காரணம் குளிர் பட்டது என்றும் அவர் நம்பினார். ஒரே நோயை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் பொய்க் காரணம் கண்டுவிட்டார்! பழத்துக்கு அஞ்சியே காலம் கழித்தார் பாவம். முதுமையில் அறிவு தளர்ந்து 1745இல் அவர் மறைந்தபின், வாழ்நாள் முழுதும் பித்துப் பிடித்தவராகவே இருந்தார் என்ற பேச்சு பரவிற்று. பெயர் தெரியாத நோய்க்கு ஊரார் வைக்கும் பெயர் பெரும்பாலும் இதுதான் போலும். டப்ளின் நகரத்துக் காது மருத்துவர் வில்லியம் வைல்டு 1849இல் ஒரு நூல் எழுதி அப்பேச்சை மறுத்தார்.

1861இல்தான் விடை வரத் தொடங்கியது. பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராயிருந்த புராஸ்பர் மெனியேர், தலைசுற்றல், காது இரைச்சல், கேளாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் கோளாறு மூளையில் அல்ல, உட்செவியில் என்று எடுத்துரைத்தார். அதுவரை அதை மூளையில் இரத்தம் கட்டும் நோய் என்று கருதி, இரத்தம் எடுத்தும் அட்டை விட்டும் நோயாளிகளை மேலும் வாட்டினர். புறாவின் அரைவட்டக் குழலை அறுத்தால் அது சுழல்கிறது என்று ஃப்ளூரான்ஸ் என்பவர் முன்பே காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் மெனியேர். அவருக்கு உடனே பாராட்டுக் கிடைக்கவில்லை; அடுத்த ஆண்டே இறந்தும் போனார். ஸ்விஃப்டுக்கு இருந்தது மெனியேர் நோய்தான் என்று 1880களில் பக்னில் என்ற மருத்துவர் எழுதினார். நோயாளி இறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது!

எங்கள் தோழிக்குத் தலைசுற்றல் இல்லை, கேளாமையும் இல்லை. ஆகவே இது அந்நோய் அன்று. ஆனால் நோட்டுப் புத்தகம் நிறைந்துகொண்டே வந்தது. தலைக்குக் குளித்த நாளுக்கும் தொல்லைக்கும் தொடர்பில்லை. ஐஸ் சாப்பிட்ட நாளுக்கும் இல்லை. (இதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.) காலையில் அதிகம், மாலையில் குறைவு. பரீட்சை வாரங்களில் அதிகம். பொங்கலை ஒட்டி நான்கு நாள் மிக மிக அதிகம். அந்த நான்கு நாளும் கரும்பு கடித்ததாக எழுதியிருந்தாள்.

பிப்ரவரியில் வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோது அந்த நோட்டையும் எடுத்துச் சென்றாள். அங்கே ஓசை புகாத அறையில் உட்காரவைத்துக் கேள்திறன் சோதனை செய்தார்கள். செவிக்குழலில் சிறு அடைப்பான் வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை எப்படி அசைகிறது என்றும் பார்த்தார்கள். இரண்டும் நன்றாகவே இருந்தன. மறுபடியும் அதே வாக்கியம்தான் வரப்போகிறது என்று அவள் கண் கலங்கியதாம். மருத்துவரோ நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "கரும்பை எந்தப் பக்கம் கடிப்பாய்?" என்று கேட்டார். இடப் பக்கம். "தூக்கத்தில் பல்லைக் கடிப்பாயா?" அவளுக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த அக்கா, "எலி கொறிக்கிற மாதிரி ராத்திரி ஒரு சத்தம் வரும் டாக்டர், நாங்கள் எலிப்பொறிகூட வைத்தோம்!" என்றாள்.

காதின் முன்புறம் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் அசைவது தாடை மூட்டு. அது செவிக்குழலை ஒட்டியே இருக்கிறது. மேலும் காதுக்கு உணர்ச்சி தரும் நரம்புகள் பல. அவற்றின் கிளைகள் பல், தாடை, தொண்டை, கழுத்து ஆகியவற்றுக்கும் செல்கின்றன. ஆகவே அங்கெல்லாம் தோன்றும் வலியை மூளை சில வேளை காது வலியாக எடுத்துக்கொள்கிறது. காதைக் குடைந்தால் சிலருக்கு இருமல் வருவதும் இத்தகைய நரம்பு உறவினாலேயே. பல் கடிக்கும் பழக்கத்தால் அவள் தாடை மூட்டும் தசைகளும் களைத்திருந்தன. காது நன்றாகத்தான் இருந்தது. அவள் சொன்னதும் உண்மையாகத்தான் இருந்தது.

பெற்றோர் இதைப் படித்து, எல்லாக் காது நோவும் தாடையே என்று இருந்துவிடக் கூடாது. காதில் சீழ் வந்தாலும், காய்ச்சல் சேர்ந்தாலும், முகம் ஒரு பக்கம் கோணினாலும் தாமதிக்க வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமற் போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாள் கடந்தால் சிகிச்சை பலிப்பது அரிது என்று அந்த மருத்துவர் அழுத்திச் சொன்னாராம்.

இப்போது அவள் கடினமானவற்றைக் கடிப்பதில்லை. தாடையில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். பல் மருத்துவர் செய்து கொடுத்த உறையை இரவில் பற்களில் மாட்டிக்கொள்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு பேசினால் ஒரு சொல்லும் புரியாது என்று அக்கா கேலி செய்கிறாள். அடைப்பு பெரும்பாலும் நீங்கிவிட்டது. அந்த விசில் ஓசை மட்டும் இன்னும் அவ்வப்போது வருகிறது. அது ஏன் என்று மருத்துவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை; தெரியவில்லை என்று அவர் சொன்னதே எங்கள் தோழிக்குப் பிடித்திருந்தது. மே மாதம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது நோட்டுக்கு நாங்கள் அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.